பையப் பேசத் தெரியாதவள்

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் உரக்கப் பேசுவது குற்றம். சேரன்மகாதேவியில் வாய்க்காலைப் பார்த்த பெரிய வீடு அது. பங்காளிச் சண்டையில் நட்டநடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நிலத்துக்கு வழக்கு நடந்துகொண்டிருந்ததால், இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்பதில் எங்கள் மாமியார் குறியாக இருந்தாள். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட என் காதுக்குள் வந்துதான் சொல்லுவாள். கொஞ்ச நாளில் நானும் அப்படி ஆகிவிட்டேன். பிறந்த வீட்டுக்குப் போனால், "என்னளா, தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்பார்கள்.

அந்த வீட்டின் மூத்த மருமகள், என் ஓரகத்தி, பாபநாசத்துக்காரி. அருவிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். சாப்பிடக் கூப்பிடுவதென்றால்கூட அங்கே அருவி இரைச்சலுக்கு மேலே குரல் எழும்ப வேண்டும் என்பாள். அவளுக்கு மெல்லப் பேச வராது. வராது என்றால் வரவே வராது. ஒரு தடவை நான் கெஞ்சிக் கேட்டதற்காக, கன்னத்தை உள்ளே இழுத்து, கண்ணை உருட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, "இப்பம் பையப் பேசுதேனா?" என்று கேட்டாள். தொழுவத்தில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றது.

அவளோடு இருப்பது ஒன்றும் சுகமான காரியம் இல்லை. வந்தவர்களுக்கு நான் வடை சுட்டுக் கொடுத்தால், "இவ சுட்ட வடை, பாத்துக் கடிங்க, பல்லு பத்திரம்" என்பாள். எனக்கு மாதம் தள்ளிப் போய், பிறகு இல்லை என்று ஆனபோது, "இவளுக்கு இந்த மட்டமும் நிக்கல" என்று வளையல்காரச் செட்டியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது தெரியவே இல்லை. என் பங்குக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் பிழைத்தாள். சாவாளா பிழைப்பாளா என்று கேட்கிறவர்களைக் கடைசிவரை தொங்கவிடுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவள் பிழைத்தது எப்படி, பிழைத்து வந்து வீட்டில் என்ன பாடு படுத்தினாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுக்குத் தலைச்சன் பிள்ளை ஆண். அவன் தவழத் தொடங்கிய சமயத்தில், அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பால் கொடுக்கிறவளுக்கு மார்பில் கட்டி என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்லுவார்கள்: பால்கட்டு. அதற்கு மருந்தும் ஒன்றுதான். மல்லிகைப்பூவை நெருக்கமாகத் தொடுத்து, மார்பில் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பால் வற்றும், கட்டி கரையும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும், பால் மறக்கடிக்கிறவளுக்கும் செய்கிற வைத்தியம். என் மாமியார் தினமும் பூ வாங்கிக் கட்டினாள். நான்தான் தொடுத்தேன். அந்த அறைக்குள் போனால் கல்யாண வீட்டு வாசனை அடிக்கும்.

அந்தப் பக்கத்துப் பால் வற்றிப்போனது. கட்டி போகவில்லை. வாடிய பூவை அவிழ்க்கிறபோதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் கெட்டியாக, தோலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மாமியாரிடம் கேட்டால், "பைய, பைய. நாள் புடிக்கும்" என்றாள்.

ஒருநாள் கிணற்றடியில் என் ஓரகத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு, பங்காளிச் சுவரைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டு அம்மாளோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. இவள் சுவருக்கு மேலாக, "யக்கா! எனக்கு மார்ல கட்டி. பால்கட்டுன்னு பூ வச்சுக் கட்டுதாவ. பால் வத்திட்டு, கட்டி வத்தல. நீங்க இப்பிடிக் கண்டிருக்கியளா?" என்றாள்.

துவைக்கிற சத்தம் நின்றது.  அங்கிருந்து குரல் வந்தது.

"வலிக்கா?"

"இல்ல."

"வலிக்காத கட்டியா இருந்தா விட்றாத தாயி. எங்க சித்திக்கு இப்பிடித்தான். பூ வச்சே கட்டிக்கிட்டுக் கெடந்தா. போய்ச் சேந்துட்டா. பாளையங்கோட்டையில தொரசானி ஆஸ்பத்திரி இருக்கு. இன்னைக்கே போ."

கோர்ட்டில் எங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்த வார்த்தை அது. என் மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. குடும்ப மானத்தைச் சுவரேறிக் கொட்டிவிட்டாள் என்று மூத்த மகன் காதில் சொல்லி அழுதாள். பெரியத்தான், அதாவது என் ஓரகத்தியின் புருஷன், எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ரயிலுக்கு இவளே மூட்டை கட்டி வைத்துவிட்டாள். எங்கள் ஊருக்கு ரயில் வந்து அப்போது கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரத் துரைசானி அவளைப் பார்த்துவிட்டு, பெரியத்தானை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். துரைசானிக்கும் எங்கள் வீட்டுப் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. உள்ளே கட்டிலில் இவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அங்கன என்ன குசுகுசுன்னு? அது யாரு மாரு? ஒங்க மாரா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துரைசானி உள்ளே வந்தாள். பைபிள் படித்துக் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது. "அம்மா, இது கெட்ட கட்டி. புற்று. மார்பை முழுவதும் எடுக்க வேண்டும்" என்றாள்.

"எடுக்காட்டி?"

"இன்னும் ஒரு வருஷம் இருப்பாய்."

"எடுத்தா?"

"எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும்."

"கடவுள்ட்ட நான் பெறவு கேட்டுக்கிடுதேன். நீங்க எடுங்க."

சொல்லிவிட்டு அடுத்த கேள்வி கேட்டாள். மற்ற மார்பில் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று.  துரைசானி, "கொடுக்கலாம். இந்த வியாதி பாலில் போகாது. ஆனால் நீ வீட்டுக்குப் போகும்வரை பால் இருக்குமா என்பது சந்தேகம்" என்றாள். "அது என் பாடு" என்றாள் இவள்.

அந்த வார்த்தையை அவள் காப்பாற்றிய விதத்தை நான் கண்ணால் பார்த்தேன். மயக்க மருந்து கொடுத்து, இடது மார்பையும் அக்குள் வரைக்கும் சதையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்தாள். இடது கையை அசைக்க முடியாது. வலது கையால் வலது மார்பைப் பிடித்து, கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சுவாள். முதலில் ஒரு பாலாடை அளவுகூட வராது. வந்ததை நான் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுவேன். பீய்ச்சுகிறபோதெல்லாம் மறுபக்கத்துத் தையல் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளமாட்டாள், கத்துவாள். கட்டு மாற்றுகிற நர்ஸ், "கத்தாதீங்கம்மா, மற்ற நோயாளிங்க பயப்படுவாங்க" என்றதற்கு, "எனக்கு வலிக்கி. வலிச்சாக் கத்தத்தான் செய்யும். அவுகளையும் கத்தச் சொல்லு" என்றாள். உண்மையில் பக்கத்துக் கட்டில்காரிகள் இரண்டு பேர் அதற்குப் பிறகு தாராளமாகக் கத்தினார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. வெளியே போய் அழவும் செய்தேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்த அன்றைக்கு, மாமியார் ஆரத்தி எடுக்கச் சொல்லவில்லை. கொல்லைப்புறத்து அறையில் பாய் விரித்து வைத்திருந்தாள். பிள்ளை முன்கட்டில் இருந்தான். சங்கில் பசும்பால் குடித்துக்கொண்டிருந்தான். அவனைக் காட்டினார்கள், கையில் கொடுக்கவில்லை.

"புத்து வந்த ஒடம்பு. அந்தப் பால் பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியார் என் காதில் சொன்னாள். "நீ எடுத்துச் சொல்லு."

நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அறையிலிருந்தே கேட்டுவிட்டாள். துரைசானி சொன்னதை ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். மாமியார் காதில் அது ஏறவில்லை. மாமியாரைப் பழி சொல்ல எனக்கு மனசில்லை. வம்சத்துக்கு அந்த ஒரு பிள்ளைதான் அப்போது இருந்தான். அவனை அவள் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளாத குறை. ஆனால் பின்கட்டில் ஒருத்தி கிண்ணத்தில் பீய்ச்சி, மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்கட்டில் பிள்ளை அழுதால் அவள் சேலை நனைந்துவிடும், ஒரு பக்கம் மட்டும்.

ஒருநாள் பிற்பகலில் மாமியார் ஒரு பந்து மல்லிகைப்பூவும் வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். மற்றப் பக்கத்துப் பாலையும் வற்றவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அவள் கணக்கு. "வலி இருக்காது. நாலு நாள்ல நின்னுரும்" என்று மெல்லச் சொன்னாள்.

இவள் பூவைக் கையில் வாங்கினாள். வாங்கி, எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் போனாள். தூக்க முடியாத இடது கையை வலது கையால் பிடித்துத் தூக்கி, வேர்த்து விறுவிறுத்து, அந்தப் பூ முழுவதையும் தன் தலையில் வைத்துக்கொண்டாள். எனக்கு உதவிக்குப் போகத் தோன்றியது, போகவில்லை. போனால் கடித்திருப்பாள்.

"பூ நல்லாருக்கு அத்தை. நாளைக்கும் வாங்கியாங்க" என்றாள்.

அன்று முன்கட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். நோயாளியை விசாரிக்கிறோம் என்று கீழத்தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் வந்து, இவளைப் பார்க்க வராமல், மாமியாரிடம் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை சங்கைத் தட்டிவிட்டு அழத் தொடங்கினான். இவள் பூவோடு நேரே அங்கே போய் நின்றாள்.

"பிள்ளையக் குடுங்க. பாலுக்கு அழுவுதான்."

"பையப் பேசுளா. ஆளுக இருக்காவ" என்றாள் மாமியார்.

"ஆளுக இருக்கதுனாலதான் சொல்லுதேன். எனக்கு மார்ல புத்து வந்தது. ஒண்ண எடுத்துட்டாவ. இன்னொண்ணு இருக்கு, அதுல பாலும் இருக்கு. எம்பிள்ள இங்கன பசிச்சு அழுவுதான். யாரு குறுக்க நிக்கான்னு இவுகளும் பாக்கட்டும்."

 என் மாமியார் மறுக்க வேண்டுமென்றால் அந்தக் குரலுக்கு மேலே ஒரு குரல் போட வேண்டும். அது அவளால் முடியாத காரியம். நாற்பது வருஷமாக அடக்கி வைத்த தொண்டை. மாமியார் தன் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி, நீட்டினாள்.

ஆனால் பிள்ளை குடிக்கவில்லை. சங்குக்குப் பழகிவிட்டவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை வளைத்துத் திமிறினான். அவள் மறுபடியும் வைத்தாள். மறுபடியும் திருப்பினான். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கத்தியைக் கண்டு வெளுக்காத முகம். நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அவள் மார்பை அழுத்தி, ஒரு பீய்ச்சாகப் பாலை அவன் உதட்டில் அடித்தாள். அவன் நாக்கை நீட்டி நக்கினான். யோசித்தான். பிறகு வெடுக்கென்று பற்றிக்கொண்டான்.

"ஆத்தாடி!" என்று அவள் அலறினாள். "ஏலே மூதி, பல்லு முளைச்சிட்டா ஒனக்கு?"

எல்லாப் பெண்களும் சிரித்துவிட்டார்கள். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளை பின்கட்டில்தான் படுத்தான்.

அதற்குப் பிறகு அவள் தேறியதைச் சொல்ல வேண்டும். தலையை நீயே சீவிக்கொள், அப்போதுதான் கை மேலே போகும் என்று துரைசானி சொல்லி அனுப்பியிருந்தாள். தினமும் காலையில் சீப்போடு ஒரு சண்டை நடக்கும். கையைத் திட்டுவாள், "ஒனக்குச் சோறு போடுதேன்லா? ஏறு மேல" என்பாள். பாதி சீவிய தலையோடு வந்து இட்லிக்கு ஆட்டுவாள். புண் ஆறாத நாட்களில் கட்டுப் போட நான் போவேன். ஒருநாள் என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியத்தானைக் கூப்பிட்டாள். அவர் அதுவரை அந்தப் பக்கம் பார்க்காமலே அவளோடு பேசிக்கொண்டிருந்தவர். "தலையத் திருப்பாதீங்க. நீங்க பாக்காம எதிர்வீட்டுக்காரரா பாப்பாரு?" என்று அவள் கேட்டது எனக்கு அடுக்களையில் கேட்டது. அந்தப் பக்கத்துப் பங்காளி வீட்டுக்கும் கேட்டிருக்கும். மறுநாளிலிருந்து பெரியத்தான்தான் கட்டு மாற்றினார். அந்த மனுஷர்மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

ரவிக்கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ரவிக்கை போட்டிருந்தாள். அப்போது எங்கள் பக்கம் அது புது நாகரிகம். மாமியார் போட்டதே இல்லை. "சட்டைக்காரி மாதிரி என்ன இது" என்று சொல்லிச் சொல்லிக் கழற்ற வைத்தவள் அவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதே மாமியார், தையல்காரனை வரவழைத்து, இடது பக்கம் இலவம்பஞ்சு அடைத்து ஒரு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தாள். வெளியே தெரியக் கூடாதாம்.

"அன்னைக்குப் போடாதன்னிய, இன்னைக்குப் போடுங்கிய. நடுவுல எனக்கு என்ன ஆச்சு அத்தை?" என்று கேட்டாள் இவள்.  பஞ்சைப் பிரித்து எடுத்து, பிள்ளைக்குத் தலையணை செய்தாள். ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள், ஒரு பக்கம் தொளதொளவென்று. "துணி நல்ல துணி, எதுக்கு வீணாக்கணும்?" என்றாள்.

அந்தக் கோலத்தில்தான் ஆற்றுக்கும் வந்தாள். வீட்டுக் கிணற்றில் குளி என்று மாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தாமிரபரணியில் நாலு பேர் நடுவில் சேலையை மார்புக்குக் கட்டி இறங்கினால் மறைக்க முடியுமா? முதல் நாள் படித்துறையில் இருந்தவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். "பாக்கணும்னா பக்கத்துல வந்து பாருங்க. தூரத்துல நின்னா சரியாத் தெரியாது" என்றாள். ஒரே ஒருத்தி வந்து பார்த்தாள். மற்றவர்கள் அவசரமாக மஞ்சள் தேய்த்தார்கள். மாமியாருக்கு அவமானம் தாங்கவில்லை. அதிலிருந்து எங்களோடு ஆற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். விடிவதற்கு முன்னாலேயே தனியாகப் போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மூன்று வருஷம் போல அப்படி நடந்தது. என் ஓரகத்தி எல்லாவற்றிலும் ஜெயித்தாலும், இதில் அடிபட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். படித்துறைக்குப் போகிற வழியில் மட்டும் கொஞ்சம் குறைவாகப் பேசுவாள்.

மூன்றாவது வருஷம் ஆடி அமாவாசைக்கு எல்லோரும் சேர்ந்துதான் போக வேண்டியிருந்தது. மாமனாருக்குத் தர்ப்பணம். ஆண்கள் அந்தப் பக்கம் போக, நாங்கள் பெண்கள் படித்துறையில் இறங்கினோம். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. பங்காளி வீட்டு அம்மாளும் இருந்தாள். மாமியார் எங்களை விட்டு நாலு படி தள்ளி நின்று, சேலையைத் தளர்த்தி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். பயல் தண்ணீருக்குள் துள்ளிக்கொண்டிருந்தவன், நின்று, அவளையே உற்றுப் பார்த்தான். தொண்டை அவனுக்கு அம்மாவினுடையது.

"ஆச்சி! ஒனக்கு மட்டும் ஏன் ரெண்டு இருக்கு?"

 நினைவு தெரிந்ததிலிருந்து அவன் அறிந்த தாய்க்கு ஒன்றுதான்; மற்றவர்கள் யாரும் அவன் முன்னால் சேலையைத் தளர்த்தியதில்லை. அதில்தான் வளர்ந்தான், மறுபக்கத்துத் தட்டையில் தலை வைத்துத்தான் தூங்கினான். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் அவன் வாயைப் பொத்தப் போனேன். என் ஓரகத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மாமியார் நிமிர்ந்தாள். மறைத்துக்கொள்ள அவள் சேலையை இழுக்கவில்லை. சுற்றிலும் நின்ற அத்தனை பெண்களையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"ஒங்கம்மைக்கு ஒண்ணு போதும்லே! எங்களுக்குத்தான் ரெண்டு வேண்டிக் கெடக்கு!"

நான் என் ஓரகத்தியைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, திறந்த வாயை மூடாமல், அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதையும் அவளுக்கு மெல்லச் செய்யத் தெரியவில்லை.